ஆறு நிலையம், ஒரு முதலாளி

1996 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்ட தொலைத்தொடர்புச் சட்டத்துக்குள் ஒரு சின்னப் பட்டியல் இருக்கிறது. ஒரே ஊரில் ஒரே ஆள் எத்தனை வானொலி நிலையம் வைத்துக்கொள்ளலாம் என்ற பட்டியல். 45 நிலையமும் அதற்கு மேலும் இருக்கும் பெருநகரம் என்றால் 8 வரை. 30 முதல் 44 வரை என்றால் 7. 15 முதல் 29 வரை என்றால் 6. 14ம் அதற்குக் கீழும் இருக்கும் சின்ன ஊர் என்றால் 5, ஆனால் மொத்தத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

படிக்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். பெரிய ஊருக்குப் பெரிய வரம்பு, சின்ன ஊருக்குச் சின்ன வரம்பு. கொஞ்சம் வகுத்துப் பார்த்தால்தான் விஷயம் தலைகீழாவது தெரியும். 45ல் 8 என்பது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. 10 நிலையம் உள்ள ஊரில் 5 என்பது சரிபாதி. அதாவது அந்த ஊரின் வானொலி முழுவதையும் பங்குபோட்டுக்கொள்ள இரண்டு பேர் போதும். சட்டம் எழுதியவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் அன்று வாஷிங்டனில் எல்லோர் கண்ணும் தொலைபேசி, கேபிள், இணையம் என்ற பெரிய மீன்கள் மேல் இருந்தது. வானொலி அந்தச் சட்டத்தில் ஒரு ஓரம். சின்ன ஊர் வானொலி அந்த ஓரத்துக்கும் ஓரம்.

ஊடக உடைமை பற்றிய பேச்சு பெரும்பாலும் நியூயார்க்கையும் லாஸ் ஏஞ்சலிஸையும் வைத்தே நடக்கிறது. எனக்கு அக்கறை மற்ற இடங்கள் மேல். நான் சில வருடங்கள் மத்திய மேற்கு மாநிலம் ஒன்றில், பெரிய நகரம் எதுவும் பக்கத்தில் இல்லாத ஊரில் வேலை பார்த்தேன். அங்கே காலையில் காரில் ரேடியோவைப் போட்டால் முதலில் மக்காச்சோளம், சோயா விலை. அப்புறம் இரங்கல் செய்திகள்: யார் இறந்தார்கள், எந்தத் தேவாலயத்தில் அடக்கம், பூ வேண்டாம் நன்கொடை கொடுங்கள் என்பது வரைக்கும். பனிக்காலமென்றால் எந்தப் பள்ளிக்கு விடுமுறை, எந்தச் சாலை மூடியிருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு பண்டமாற்று நிகழ்ச்சி. பழைய டிராக்டர் டயர் இருக்கிறது, முட்டையிடும் கோழி வேண்டும் என்று ஊர்க்காரர்களே போன் செய்து பேசுவார்கள், தங்கள் தொலைபேசி எண்ணை ஊர் முழுக்கக் கேட்கும்படி சொல்வார்கள். முதல் வாரம் சிரிப்பாக இருந்தது. ஒரு குளிர்காலம் கழிந்ததும் நானும் அதை விடாமல் கேட்கிற ஆளாகிவிட்டேன். நகராட்சிக் கூட்டத்தில் தண்ணீர்க் கட்டணத்தை ஏற்றியது எனக்குத் தெரியவந்தது அந்த நிலையத்தின் ஐந்து நிமிடச் செய்தியில்தான். வேறெங்கும் அது வந்ததாக நினைவில்லை.

சரி, பழைய காலம் பொற்காலம் என்று சொல்லிவிட வேண்டாம். 1980களில் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான புதிய எஃப்.எம். உரிமங்களைக் கொடுத்தார்கள். சின்ன ஊர்களில் விளம்பரம் தரக்கூடியவர்கள் என்றால் ஒரு கார் வியாபாரி, ஒரு வங்கி, ஒரு மரச்சாமான் கடை. அந்த விளம்பரத்துக்குத் திடீரென்று இன்னும் பல நிலையங்கள் மோதின. 1990களின் தொடக்கத்தில் ஏராளமான நிலையங்கள் நட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அதனால்தான் ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.சி. 1992லேயே ஊருக்குள் இருந்த உடைமை வரம்பைக் கொஞ்சம் தளர்த்தியது. இரண்டு நலிந்த நிலையங்கள் ஒரே கட்டடத்துக்கு மாறி, ஒரே கணக்குப்பிள்ளையை வைத்துக்கொண்டு பிழைத்துப் போகட்டும் என்பது அதன் எண்ணம். அந்தத் தளர்வில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

1996 சட்டம் வேறு ஜாதி. நாடு முழுவதும் ஒருவர் 40 நிலையம்தான் வைத்திருக்கலாம் என்று இருந்த உச்சவரம்பை அது அடியோடு எடுத்துவிட்டது. சுமார் 40 நிலையங்கள் வைத்திருந்த கிளியர் சேனல் என்ற வானொலி நிறுவனம், சில வருடங்களில் 1,200க்கும் மேற்பட்ட நிலையங்களுக்குச் சொந்தக்காரர் ஆனது. இத்தனை நிலையங்களுக்கும் ஆள் போட்டுச் சம்பளம் கொடுத்தால் வாங்கியதற்கே அர்த்தமில்லை. அதற்குத் தொழிலில் ஒரு வழி இருந்தது: வாய்ஸ் டிராக்கிங். எங்கோ ஒரு நகரத்தில் இருக்கும் அறிவிப்பாளர் பாட்டுக்கு இடையில் வரும் பேச்சை மட்டும் வரிசையாகப் பதிவு செய்துவிடுவார். நான்கு மணி நேர நிகழ்ச்சி அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கணினி அதைப் பாட்டுகளுக்கு நடுவே கோத்துக்கொள்ளும். ஊர்ப்பெயரை எப்படி உச்சரிப்பது, இந்த வாரம் அங்கே என்ன திருவிழா என்று ஒரு குறிப்புத்தாள் கையில் இருந்தால் போதும், கேட்பவருக்கு ஆள் பக்கத்துத் தெருவில் இருப்பது போலவே தோன்றும். இதில் ஒரு வேடிக்கை. இந்த வேலைக்கு கிளியர் சேனல் பயன்படுத்திய புரொஃபெட் என்ற மென்பொருள் உருவானது நெப்ராஸ்காவின் ஒகல்லாலா என்ற சிற்றூரில். சின்ன ஊர் அறிவிப்பாளரை வீட்டுக்கு அனுப்பிய கருவியைச் செய்து கொடுத்ததும் ஒரு சின்ன ஊர்தான்.

இந்த இடத்தில் எல்லோரும் மைனாட் கதையைச் சொல்வார்கள். நானும் சொல்லத்தான் வேண்டும், ஆனால் முழுதாக.

வடக்கு டகோட்டாவின் மைனாட்டில் 2002 ஜனவரி 18 அன்று, அதிகாலை 1:37க்கு, ஊரின் மேற்கே ஒரு சரக்கு ரயில் தடம்புரண்டது. 112 பெட்டிகளில் 31 சாய்ந்தன. அவற்றில் ஐந்து டேங்கர்கள் பிளந்து, ஐந்தரை லட்சம் லிட்டர் நீரற்ற அம்மோனியா வெளியேறியது. கடுங்குளிர் இரவு, அந்த நச்சு வாயு மேகம் மேலே எழும்பாமல் வீடுகள் மேலேயே படிந்தது. ஒருவர் இறந்தார், முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு உள்ளேயே இருங்கள், வெளியே ஓடாதீர்கள் என்று மக்களுக்கு உடனே சொல்ல வேண்டும். அவசர ஒலிபரப்புக்கென்று குறிக்கப்பட்டிருந்த நிலையத்துக்குக் காவல்துறை போன் செய்தது. யாரும் எடுக்கவில்லை. ஊரின் ஆறு முக்கிய வணிக நிலையங்களும் கிளியர் சேனல் கையில் இருந்தன.

பொதுவாகக் கதை இங்கே முடிந்துவிடும். கிளியர் சேனலுக்கும் ஒரு பதில் இருந்தது. நிலையத்தில் ஆள் இருந்தார், ஊரே அழைத்ததில் தொலைபேசி இணைப்புகள் திணறிவிட்டன, ஆளே இல்லாமலும் தானாக ஒலிபரப்பில் குறுக்கிடும் அவசர எச்சரிக்கைக் கருவியைக் காவல்துறைதான் சரியாகப் பயன்படுத்தவில்லை என்றது அந்த நிறுவனம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. அந்த இரவின் தவறு முழுவதையும் ஒரே நிறுவனத்தின் தலையில் கட்டுவது சரியல்ல. ஆனால் ஆறு நிலையமும் ஆறு முதலாளிகளிடம் இருந்திருந்தால் காவல்துறை ஒரு கதவில் தட்டிவிட்டு, அது திறக்கவில்லை என்றால் அடுத்த கதவுக்குப் போயிருக்கும். அன்று இருந்தது ஒரே கதவு. அது ஒழுங்காகத் திறந்ததா என்ற சண்டையில் இந்த விஷயம் காணாமல் போய்விடுகிறது.

இன்னொரு சங்கதியும் அதோடு காணாமல் போனது. ஒரு ‘சந்தை’யில் எத்தனை நிலையம் இருக்கிறது என்று எஃப்.சி.சி. எப்படி எண்ணியது? சிக்னல் வட்டங்களை வரைந்து, ஒன்றின் மேல் ஒன்று படிகிற நிலையங்களையெல்லாம் கூட்டிக்கொண்டது. மலையோ உயர்ந்த கட்டடமோ இல்லாத சமவெளியில் சிக்னல் வெகுதூரம் போகும். அதனால் அந்த ஊர்க்காரர் யாரும் கேட்காத தூரத்து நிலையங்களும் சந்தைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். எண்ணிக்கை ஏறும். ஏறினால் மேலே சொன்ன பட்டியலில் அடுத்த படிக்கு ஏறிவிடலாம், இன்னொரு நிலையம் வாங்கலாம். 2003ல் இந்த முறையை மாற்றி, ஆர்பிட்ரான் என்ற நேயர் கணக்கெடுப்பு நிறுவனம் வரையறுத்த நகரப் பகுதிகளை எஃப்.சி.சி. எடுத்துக்கொண்டது. நல்லதுதான். ஆனால் ஆர்பிட்ரான் எண்ணியது விளம்பரதாரர்கள் பணம் கொடுத்துக் கேட்கும் ஊர்களை மட்டும். அந்த வரைபடத்தில் வராத சின்ன ஊர்களுக்கு, மிகத் தூரத்து நிலையங்களை மட்டும் கழித்துவிட்டுப் பழைய வட்டக் கணக்கே ‘இடைக்கால’மாகத் தொடரட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

இனி எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம். இதைப் பலர் தொடுவதே இல்லை. 1952லேயே பீட்டர் ஸ்டைனர் என்ற பொருளாதார அறிஞர் ஒரு கேள்வி கேட்டார். ஓர் ஊரில் எழுபது சதவீதம் பேருக்கு ஒரு வகைப் பாட்டு பிடிக்கும், இருபது சதவீதத்துக்கு இன்னொரு வகை, பத்து சதவீதத்துக்கு வேறொன்று என்று வைத்துக்கொள்வோம். மூன்று நிலையம், மூன்று முதலாளிகள் என்றால் மூவருமே அந்த எழுபதுக்குத்தான் பாய்வார்கள். மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலும் இருபதை விட அதிகம். மூன்றும் ஒருவரிடமே இருந்தால்? தன் நிலையத்தோடு தானே மோதுவதில் லாபமில்லை. ஒன்றை எழுபதுக்கும் ஒன்றை இருபதுக்கும் ஒன்றைப் பத்துக்கும் பிரித்துவிடுவார். ஆக, ஏகபோகம் வகைமையைக் கூட்டும். இது வெறும் காகிதக் கணக்கும் இல்லை. ஸ்டீவன் பெரி, ஜோயல் வால்ட்ஃபோகல் இருவரும் 2001ல் வெளியிட்ட ஆய்வில், 1996க்குப் பிந்தைய நிறுவன இணைப்புகள் வானொலியில் நிகழ்ச்சி வகைகளைக் கூட்டின என்றே கண்டார்கள்.

இந்த முடிவை நான் மறுக்கவில்லை. கன்ட்ரி, ராக், பழைய பாட்டு, மதப் பேச்சு என்று பார்த்தால் ஒரே முதலாளியின் ஆறு நிலையங்கள் ஆறு விதமாகத்தான் ஒலிக்கும். ஆனால் ஸ்டைனரின் கணக்கு ரசனையைப் பற்றியது. நகராட்சித் தலைவரின் மைத்துனருக்குச் சாலை ஒப்பந்தம் போனதைச் செய்தியாக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யும்போது, ஆறு வகைப் பாட்டு இருப்பதால் ஆறு முடிவு வந்துவிடாது. ஒரு செய்தி அறை, அல்லது செய்தி அறையே இல்லாத ஒரு விற்பனைப் பிரிவு, ஒரு முடிவு. பெரிய நகரத்தில் இந்த வேறுபாடு அவ்வளவு உறைக்காது. அங்கே நாளிதழ் உண்டு, நான்கைந்து தொலைக்காட்சிகள் உண்டு, யாராவது ஒருவர் எழுதிவிடுவார். சின்ன ஊரில் அந்த மைத்துனர் நிலையத்தின் பெரிய விளம்பரதாரராகவும் இருப்பார். அவரைப் பகைத்துக்கொள்ள இரண்டாவது ஒரு முதலாளி வேண்டும்.

தொலைக்காட்சியில் கதை இன்னும் சுற்றுவழியாக நடந்தது. 1999ல் ஒரே ஊரில் இரண்டு நிலையம் வைத்துக்கொள்ள எஃப்.சி.சி. அனுமதித்தது, ஆனால் இரண்டு நிபந்தனையோடு: வாங்கிய பிறகும் எட்டு தனித்தனி உரிமையாளர்கள் மிஞ்ச வேண்டும், ஊரின் முதல் நான்கு நிலையங்களில் இரண்டு ஒருவரிடமே சேரக் கூடாது. சின்ன ஊரில் மொத்தமே நான்கைந்து நிலையம்தான். அதனால் காகிதத்தில் சின்ன ஊர்கள் பத்திரமாக இருந்தன. நடைமுறையில் வந்தது ‘சைட்கார்’. உரிமம் ஒரு சின்ன நிறுவனத்தின் பெயரில் இருக்கும். விளம்பரம் விற்பது, செய்தி தயாரிப்பது, கட்டடம், கேமரா எல்லாம் எதிர்க்கடைக்காரருடையது. நெக்ஸ்டார் என்ற பெரிய தொலைக்காட்சி நிறுவனத்துக்கு இப்படி மிஷன், இன்னொரு பெரிய நிறுவனமான சின்கிளேருக்கு கன்னிங்ஹாம். அதுவும் வேண்டாமென்றால் டிஜிட்டல் வந்தபின் ஒரே அலைவரிசையில் இரண்டாவது சேனலைச் செருகலாம், சக்தி குறைந்த நிலையம் ஒன்றை வாங்கலாம். இவை வரம்புக் கணக்கில் வராது. நாட்டின் 210 தொலைக்காட்சிச் சந்தைகளில் கடைசிக்குப் பக்கத்தில் இருக்கும் நெப்ராஸ்காவின் நார்த் பிளாட்டில் என்.பி.சி., சி.பி.எஸ்., ஃபாக்ஸ் என்ற மூன்று தேசிய வலைப்பின்னல்களின் நிலையங்களும் கிரே என்ற ஒரே நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது இப்படித்தான். கிரே வராவிட்டால் அந்த ஊருக்குச் சொந்த சி.பி.எஸ். கிடைத்திருக்குமா என்று கேட்டால், அநேகமாக இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

பெரிய கை வந்தால் செய்தி என்ன ஆகும் என்பதற்கு ஒரு நல்ல சோதனை 2017ல் தானாகவே நடந்தது. சின்கிளேர் அந்த வருடம் பான்டென் என்ற சிறு நிறுவனத்தை வாங்கியது. அதன் நிலையங்கள் பெரும்பாலும் மொன்டானா, வட கலிஃபோர்னியா போன்ற சின்னச் சந்தைகளில் இருந்தன. கிரெகரி மார்ட்டின், ஜோஷுவா மெக்ரெய்ன் இருவரும் வாங்குவதற்கு முன்னும் பின்னும் செய்தி உரைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உள்ளூர் அரசியல் குறைந்து, தேசிய அரசியல் கூடியிருந்தது. சாய்வும் வலதுபக்கம் நகர்ந்திருந்தது. எனக்கு இதில் வலமா இடமா என்பதை விட முதல் பகுதிதான் பெரிது. தேசியச் செய்தியை ஓர் இடத்தில் தயாரித்து நூறு ஊருக்கு அனுப்பலாம். பள்ளி வாரியக் கூட்டத்துக்கு ஒரு நிருபரை அனுப்பினால் அந்தச் செலவு ஓர் ஊருக்கு மட்டும்தான் பயன்படும். யார் முதலாளியாக இருந்தாலும், ஊர்கள் கூடக் கூட இந்தக் கணக்கு ஒரே பக்கம்தான் இழுக்கும். அடுத்த வருடம் சின்கிளேரின் டஜன் கணக்கான நிலையங்களில் செய்தி வாசிப்பாளர்கள் ஒரே எழுத்துப்பிரதியைச் சொல் மாறாமல் வாசித்த காணொளி பரவியது, பார்த்திருப்பீர்கள். 2023ல் ஆரிகனின் மெட்ஃபர்டில் அதே நிறுவனத்தின் நிலையம் உள்ளூர்ச் செய்தியையே நிறுத்திக்கொண்டு, தலைமையகத்தின் தேசிய நிகழ்ச்சியைப் போட்டது.

வானிலை வரைக்கும் இது வந்துவிட்டது. 2025 ஜனவரியில் ஆலன் மீடியா நிறுவனம், தன்னுடைய இருபதுக்கும் மேற்பட்ட நிலையங்களின் வானிலை அறிக்கையை அட்லாண்டாவிலிருந்து தயாரிக்கப் போவதாக அறிவித்தது. அந்த நிலையங்களில் ஒன்று மிசிசிப்பியின் டுபெலோவில் இருக்கிறது. 2023 மார்ச்சில் பக்கத்து ஊரான ஏமரியைச் சூறாவளி நெருங்கியபோது, அந்த நிலையத்தின் வானிலையாளர் நேரலையிலேயே ஒரு கணம் தலைகுனிந்து ஜெபித்த காணொளியை நாடே பார்த்தது. அவருக்கு அது வெறும் வரைபடம் இல்லை, அடுத்த ஊர். அட்லாண்டாவில் உட்கார்ந்திருப்பவர் ரேடாரைத் தவறாகப் படிப்பார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்தச் சாலைச் சந்திப்பின் பெயரைச் சொன்னால் ஊர்க்காரர் சட்டென்று எழுந்து பதுங்கிடத்துக்கு ஓடுவார் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? எதிர்ப்பு கிளம்பியதும் சில ஊர்களில் பின்வாங்கினார்கள்.

பெரிதானால்தான் பிழைக்க முடியும், கூகுளும் ஃபேஸ்புக்கும் விளம்பரத்தை அள்ளிக்கொண்டு போகும்போது எங்களுக்கு மட்டும் ஏன் கைவிலங்கு என்று கேட்கிறார்கள் ஒலிபரப்பாளர்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. என் சந்தேகம், இணைப்பால் மிச்சமான பணம் எங்கே போனது என்பதில். கிளியர் சேனலை 2008ல் இரண்டு முதலீட்டு நிறுவனங்கள் கடன் வாங்கி வாங்கின. அந்தக் கடன் நிலையங்களின் தலையில் ஏறியது. பெயரை ஐஹார்ட்மீடியா என்று மாற்றிக்கொண்ட நிறுவனம் 2018ல் திவால் மனு கொடுத்தபோது கடன் சுமார் 2,000 கோடி டாலர். சில மாதம் முன்னால் இன்னொரு பெரிய வானொலி நிறுவனமான கியூமுலஸும் அதே வாசலில் போய் நின்றது. ஊர் நிருபரின் சம்பளத்தை மிச்சம் பிடித்தது ஊருக்கு இன்னொரு நிருபரை வைக்க உதவவில்லை, வட்டி கட்ட உதவியது. அதற்கும் முன்னால், 2006 நவம்பரில், கிளியர் சேனல் 448 நிலையங்களை விற்கப் போவதாகச் சொன்னது. அத்தனையும் முதல் 100 சந்தைகளுக்கு வெளியே இருந்தவை. பத்து வருடம் ஓடி ஓடி வாங்கிய சின்ன ஊர்கள், கடைசியில் கணக்குக்கு ஒத்துவரவில்லை.

சட்ட வரலாற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2003ல் எஃப்.சி.சி. மேலும் தளர்த்தப் பார்த்தது. துப்பாக்கி வைத்திருப்போர் சங்கமும் பெண்கள் அமைப்புகளும் ஒரே பக்கம் நின்று எதிர்த்தன, நீதிமன்றம் தடுத்தது. 2017ல் ஒரே மூச்சில் பல விதிகள் போயின. செய்தித்தாளும் ஒலிபரப்பு நிலையமும் ஒரே ஊரில் ஒருவரிடம் இருக்கக் கூடாது என்ற 1975 விதியும் போனது, எட்டு உரிமையாளர் நிபந்தனையும் போனது. உரிமம் பெற்ற ஊரிலோ பக்கத்திலோ ஸ்டுடியோ வைத்திருக்க வேண்டும் என்ற பல பத்தாண்டு விதியும் போனது. ஊர்க்காரர் கூப்பிட ஒரு தொலைபேசி எண் மட்டும் இருக்க வேண்டும் என்று விட்டுவைத்தார்கள். அதை எந்த மாநிலத்தில் எடுத்தாலும் பரவாயில்லை. 2021ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக எஃப்.சி.சி. பக்கம் நின்றது. 2025 ஜூலையில், மிசௌரியின் ஒரு சின்னச் சந்தை வானொலி நிறுவனம் முன்னின்று தொடுத்த வழக்கில், தொலைக்காட்சிக்கான ‘முதல் நான்கு’ விதியை மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. வானொலி வரம்பு தப்பித்தது. அடுத்த மாதமே டெக்னா என்ற இன்னொரு தொலைக்காட்சி நிறுவனத்தை 620 கோடி டாலருக்கு வாங்கப் போவதாக நெக்ஸ்டார் அறிவித்தது.

என்னைக் கேட்டால், சின்ன ஊருக்கு 1996க்கு முந்தைய விதிகளை அப்படியே கொண்டுவருவது நடக்காது, நடந்தாலும் வாங்க ஆள் இருக்காது. ஆனால் இணைப்புக்கு அனுமதி கேட்டு வருபவரிடம் விலை கேட்கலாம். அந்த ஊரில் எத்தனை நிருபர்கள் இருப்பார்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் அந்த ஊரிலேயே தயாரான செய்தி வரும், வாங்கும் கடனில் எவ்வளவு அந்த நிலையத்தின் மேல் ஏற்றப்படும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, உரிமம் புதுப்பிக்கும்போது எடுத்துப் பார்க்கலாம். இது புதிதும் இல்லை. 1980கள் வரை உள்ளூர்த் தேவை என்ன என்று ஊரில் விசாரித்துப் பதிவு செய்யும் கடமை நிலையங்களுக்கு இருந்தது. எஃப்.சி.சி.க்கு இன்று அந்த மனது இருக்கிறதா என்றால், இல்லை.

வணிக வானொலி கைவிட்ட இடத்தில் வேறு இரண்டு வகை நிலையங்கள் கொஞ்சம் தாங்கிப் பிடித்தன. ஒன்று, 100 வாட் சக்திக்குள் ஓடும், லாப நோக்கற்ற சமூக எஃப்.எம். எஃப்.சி.சி. 2000ல் இதற்கு வழிவிட்டது. பெரிய ஒலிபரப்பாளர்கள் குறுக்கீடு வரும் என்று முறையிட, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதே வருட முடிவில் கையைக் கட்டிப்போட்டது. 2011ல்தான் கட்டு அவிழ்ந்தது. வீச்சு ஐந்தாறு கிலோமீட்டர்தான், ஒரு சின்ன ஊருக்கு அது போதும். இன்னொன்று பொது வானொலி. அலாஸ்காவின் பெத்தேலில் இருக்கும் கே.ஒய்.யு.கே. ஆங்கிலத்திலும் யூபிக் என்ற பழங்குடி மொழியிலும் செய்தி சொல்லும் நிலையம், சாலைத் தொடர்பே இல்லாத பல கிராமங்களுக்கு. அதன் வருமானத்தில் பெரும்பகுதி மத்திய அரசு நிதியாக இருந்தது. 2025 ஜூலையில் காங்கிரஸ் நாடு முழுவதும் பொது ஒலிபரப்புக்குப் போகவிருந்த 110 கோடி டாலரை வெட்டியது. பெத்தேலில் நிலையம் வாங்க எந்தப் பெரிய நிறுவனமும் வரிசையில் நிற்கவில்லை. அங்கே உடைமை வரம்பை இறுக்கினாலும் தளர்த்தினாலும் ஒன்றும் ஆகப் போவதில்லை. யூபிக் செய்தி வாசிப்பவருக்கு அடுத்த மாதச் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதுதான் அங்கே கேள்வி.